சுக்கோத் வீட்டில் கொண்டாடுவது எப்படி: குடில் போடுவது முதல் பிரித்து வைப்பது வரை

யூதர்கள் வெளியே ஒரு குடில் போட்டு ஏழு நாள் அதில் உட்கார்ந்து சாப்பிடும் சுக்கோத் திருநாளைக் கொண்டாடுவது பற்றி யாரிடம் கேட்டாலும் மரச்சட்டம், மூங்கில், அடிக்கணக்கு என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஒரு காகிதம் எடுத்து, இந்த ஏழு நாளில் யார் யார் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரப்போகிறார்கள் என்று எழுதுங்கள். குடிலின் அளவு, சமையல், நாற்காலி, எந்த நாளில் எந்த விருந்து என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

இது என் சொந்த யோசனை இல்லை. திராட்சையும் தானியமும் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகு வரும் இந்த அறுவடைத் திருநாளைப் பற்றி வேதாகமத்தின் உபாகமம் 16ஆம் அதிகாரம் பேசும்போது, மகன், மகள், வேலையாட்கள், லேவியர், அந்நியர், அநாதை, விதவை என்று ஒரு விருந்தினர் பட்டியலையே கொடுக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் கறாராக எழுதினார்: முற்றத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டும் தின்று குடித்து, ஏழைகளுக்கு எதுவும் கொடுக்காதவனுடைய மகிழ்ச்சி திருநாளின் மகிழ்ச்சி இல்லை, வயிற்றின் மகிழ்ச்சிதான்.

யூதக் குடும்பத்தில் மணம் முடித்தவர்கள், யூத நண்பர் வீட்டில் கூடமாட உதவப் போகிறவர்கள், அல்லது கூடாரப் பண்டிகை என்று வேதாகமத்தில் படித்திருந்தும் இன்றைக்கு அதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று தெரியாதவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வழக்கங்கள் வீட்டுக்கு வீடு மாறும். நீங்கள் போகும் வீட்டில் பாட்டி ஒன்று சொன்னால் பாட்டி சொல்வதே சட்டம்.

நாள் குறிப்பது

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடக்கம். மாதமே அமாவாசையை ஒட்டிப் பிறப்பதால் முதல் இரவு பௌர்ணமி. நோன்பு நாளான யோம் கிப்பூர் முடிந்து ஐந்தாம் நாள் இது வந்துவிடும். 2026இல் செப்டம்பர் 25, வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. 2027இல் அக்டோபர் 15, அதுவும் வெள்ளிதான்.

இஸ்ரேலில் முதல் நாள் மட்டும் முழுத் திருநாள். வெளிநாடுகளில் மரபைக் கடைப்பிடிப்பவர்களுக்கு முதல் இரண்டு நாளும் முழுத் திருநாள்: வேலை கிடையாது, விளக்கு சுவிட்சைத் தொடுவதில்லை, போனை எடுப்பதில்லை. அப்புறம் வருவது ஹோல் ஹமோயேத் என்கிற இடைநாட்கள். அப்போது யாருக்காகவும் சமைக்கலாம், கிதார் வாசிக்கலாம், படம் எடுக்கலாம். ஏழாம் நாள் ஹோஷானா ராபா. அதற்கு மறுநாள் ஷெமினி அட்ஸெரெத், அதோடு ஒட்டி, தோரா என்ற வேத நூலைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா.

யூதரல்லாத நண்பர்களை அழைப்பதானால் இடைநாட்களில் ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். முழுத் திருநாளன்று அவர்களுக்கென்று தனியாகச் சமைப்பதில் கண்டிப்பானவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதோடு, வந்தவர் தெரியாமல் போனை எடுத்துப் படம் பிடிக்க, வீட்டுக்காரர் சங்கடத்தில் நெளிய, எதற்கு? 2026இல் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு செப்டம்பர் 28 திங்கள் முதல் அக்டோபர் 1 வியாழன் வரை தோதான நாட்கள். முதல் இரண்டு நாளைச் சொந்தக்காரர்களுக்கும், திருநாள் வேளையில் தனியாக இருக்கும் யூத நண்பர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

குடிலுக்கு இடம்

சுக்கா என்ற இந்தக் குடிலுக்கு ஒரே ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது: மேலே வானம் திறந்திருக்க வேண்டும். மரத்தடியில் போட்டால் செல்லாது. மேல் வீட்டு பால்கனிக்குக் கீழே போட்டாலும் செல்லாது. இஸ்ரேலில் ஜெருசலேமிலும் பினேய் பிராக் நகரிலும் மதப்பற்றுள்ளவர்கள் வாழும் அடுக்குமாடிகளைப் பார்த்தால் பால்கனிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இல்லாமல் விலகி விலகி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தலைக்கு மேல் வானம் கிடைக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

வீட்டுச் சுவரை ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொள்ளலாம், காற்றுக்கும் நல்லது. ஆனால் கூரையின் இறவாணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் கீழே நாற்காலி போடாதீர்கள்; அந்த இடம் கணக்கில் சேராது. சமையலறைக் கதவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். ஏழு நாளும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது நீங்கள்தான்.

சுவரும் சட்டமும்

யோம் கிப்பூர் நோன்பு முடிந்த அந்த இரவே குடில் வேலையை ஆரம்பிப்பது வழக்கம். ஒரு ஆணி அடித்தாலும் போதும். சாமான்களை அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள், நடுவில் இருப்பது நான்கே நாள்.

யூத மதச் சட்டப்படி அளவு மிகவும் தாராளம். உயரம் குறைந்தது 10 கைப்பிடி, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதிகபட்சம் 20 முழம், ஏறக்குறைய 9 மீட்டர். இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு துண்டும் இருந்தாலே சுக்கா ஆகிவிடும். நடைமுறையில் மூன்று முழுச் சுவர் வைப்பது நல்லது. சுவர் எதனால் வேண்டுமானாலும் இருக்கலாம்: பலகை, துணி, கித்தான், பழைய கதவு. தால்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாத நூலின் அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், யானையைக் கட்டி வைத்து அதையே சுவராக்கலாமா என்று விவாதித்திருக்கிறார்கள். சரியாகக் கட்டியிருந்தால் செல்லும் என்கிறார்கள். யானை செத்துப் போனால்? விழுந்து கிடந்தாலும் 10 கைப்பிடி உயரம் இருக்கும், அதனால் பரவாயில்லையாம்.

எட்டுப் பேர் மேசை போட்டு உட்கார 8 அடிக்கு 10 அடி போதும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் 10க்கு 12. எளிய முறை இது:

1. 2 அங்குலத்துக்கு 4 அங்குல மரச்சட்டத்தில் 8 அடி நீளமுள்ளவற்றை மூலைக்கு ஒன்றாக நிறுத்துங்கள். நீளப் பக்கங்களில் நடுவில் ஒவ்வொன்று கூடுதலாக.
2. உச்சியிலும் இடுப்பு உயரத்திலும் குறுக்குச் சட்டம். ஆணி வேண்டாம், போல்ட்டும் நட்டும் போடுங்கள். அடுத்த வருஷம் பிரித்துப் பூட்ட அதுதான் சுகம். சட்டங்களில் பென்சிலால் எண் எழுதி வையுங்கள்.
3. மூலைகளில் சாய்வாக ஒரு தாங்குகட்டை. இது இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே குடில் சாய்ந்து நிற்கும். கால்களுக்கு மணல் மூட்டை, முடிந்தால் வேலியோடு ஒரு கட்டு.
4. துணிச்சுவர் என்றால் மேலும் கீழும் இழுத்துக் கட்டுங்கள். காற்றில் படபடவென்று அடிக்கும் சுவரை மதச் சட்டம் ஏற்பதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது: தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை, சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒரு கயிறாகச் சுற்றி இழுத்துக் கட்டினால் அந்தக் கயிற்று வரிசையே சுவராகக் கொள்ளப்படும். துணி ஆடினாலும் கவலை இல்லை.

நேரம் இல்லாதவர்கள் ரெடிமேட் சுக்கா செட் வாங்கிவிடுங்கள். இரும்புக் குழாயும் துணியுமாக ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். இதில் ஒன்றும் குறைவில்லை. அழகான குடில் வேண்டும் என்பவர்களுக்கு மதச் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்கு, 2010 செப்டம்பரில் நியூயார்க்கின் யூனியன் ஸ்கொயர் பூங்காவில் கட்டடக்கலைப் போட்டி வைத்து நிறுத்திய 12 சுக்காக்களைத் தேடிப் பாருங்கள். ஆனால் அவற்றில் பத்துப் பேருக்குப் பந்தி போட முடியுமா என்பது வேறு கேள்வி.

கூரை

சுக்காவின் உயிர் கூரைதான். இதற்கு ஸ்காக் என்று பெயர். மண்ணிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும், வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும், உணவாகவோ பாத்திரமாகவோ இருக்கக் கூடாது. மூங்கில், பேரீச்ச ஓலை, சோளத்தட்டை, பைன் கிளை எல்லாம் சரி. பிளாஸ்டிக், தகரம், துணி கூடாது. கொச்சி யூதர்கள் தென்னங்கீற்றால் கூரை போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

சுவர் முதலில், கூரை பிறகு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மேல் சட்டத்தின் மீது அடிக்கு ஒன்றாக மூங்கில் கழி அடுக்கி, அதன்மேல் கிளைகளைப் பரப்புங்கள். கூரை இரும்பின் மேல் நேரடியாக உட்காராமல் மரத்தின் மேல் இருக்கட்டும் என்பதில் பலர் கவனமாக இருப்பார்கள். கட்டுவதற்கும் கம்பி வேண்டாம், சணல் கயிறு போதும்.

எவ்வளவு அடர்த்தி? உச்சி வெயிலில் உள்ளே நின்று பாருங்கள். தரையில் வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும். அதே சமயம் இரவில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது, பெருமழை பெய்தால் உள்ளே சொட்டவும் வேண்டும். பச்சை இலை ஏழு நாளில் சுருங்கி, ஐந்தாம் நாள் ஓட்டையாகத் தெரியும், அதனால் தொடக்கத்திலேயே கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். இலை உதிரும் கிளைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எல்லாம் சூப்பில்தான் விழும்.

மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாம், ஆனால் சாப்பிட உட்காரும்முன் அதை எடுத்துவிட வேண்டும். தார்ப்பாய்க்குக் கீழே உண்டால் சுக்காவில் உண்டதாகாது.

அலங்காரம்: பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்

காகிதச் சங்கிலி, படங்கள், சோளக்கதிர், காய்ந்த சுரைக்காய், மாதுளை. வேதம் சொல்லும் ஏழு விளைச்சலான கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை ஆகியவற்றை வரைந்து தொங்கவிடச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மத்தியானம் போய்விடும். வட அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் குளவி காலம். நறுக்கிய பழம், திறந்த தேன் கிண்ணம் எதையும் முன்கூட்டி வெளியே வைக்காதீர்கள். தொங்கவிடுபவை கூரையை ஒட்டியே, ஒரு சாண் கயிற்றில் இருக்கட்டும், தலையில் இடிக்காது. விளக்குக்கு வெளிப்புறத்துக்கான எல்இடி சரமும் டைமரும். முதல் இரண்டு நாள் சுவிட்ச் தொட மாட்டார்கள் என்பதால் டைமரை முந்தின நாளே அமைத்துவிடுங்கள்.

நான்கு தாவரங்கள்

லேவியராகமம் 23:40 சொல்லும் நான்கு: எத்ரோக் (நார்த்தங்காய் இனத்துப் பழம்), லுலாவ் (விரியாத பேரீச்சக் குருத்தோலை), மூன்று ஹதாஸ் கிளை (மிர்ட்டில்), இரண்டு அராவா கிளை (ஆற்றலரி போன்ற வில்லோ). செட்டாக விற்பார்கள். விலை சில பத்து டாலரில் தொடங்கி, அப்பழுக்கில்லாத எத்ரோக் வேண்டுமென்றால் சில நூறு வரை போகும். சந்தையில் ஆண்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பழத்தின் மேல் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் முறை வாங்குபவர் அந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டாம். நம்பிக்கையான ஆளிடம் ஒரு நடுத்தர செட் போதும். எலுமிச்சையோடு ஒட்டுக்கட்டாத மரத்துப் பழமா என்று மட்டும் கேளுங்கள். நுனிக்காம்பு உள்ள பழம் என்றால் அது ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒடிந்தால் பழம் பழுதாகிவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பதுதான் ஒரே வழி.

லுலாவின் முதுகு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, வலப்பக்கம் மிர்ட்டில், இடப்பக்கம் வில்லோ. மிர்ட்டில் சற்று உயரமாக. ஓலையால் பின்னிய ஒரு பிடிகூடு செட்டோடு வரும், அதில் செருகிவிடலாம். வில்லோதான் முதலில் கருகும். ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், நடுவில் ஒருமுறை புதிது மாற்றுங்கள்.

பகலில்தான் இதைச் செய்வது, காலையில் சுக்காவில் நின்று செய்வது விசேஷம். லுலாவ் கட்டு வலக்கையில், எத்ரோக் இடக்கையில் தலைகீழாக. ஆசி சொன்னதும் எத்ரோக்கை நிமிர்த்தி, இரண்டு கையையும் சேர்த்து கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேலே, கீழே என்று மெதுவாக அசைக்க வேண்டும். கிழக்கு ஐரோப்பிய மரபின் வரிசை இது, மற்றவர்கள் மாற்றிச் செய்வார்கள். ஒரே செட்டை எல்லோரும் மாறி மாறிப் பிடிக்கலாம்.

சனிக்கிழமை ஓய்வுநாளான ஷபாத் அன்று மட்டும் லுலாவ் எடுப்பதில்லை. 2026, 2027 இரண்டு வருஷமும் முதல் நாளே சனிக்கிழமை. ஆகவே மறுநாள் ஞாயிறுதான் முதல் அசைப்பு.

எத்ரோக்கில் சுவையும் உண்டு, மணமும் உண்டு. பேரீச்சையில் சுவை மட்டும், மிர்ட்டிலில் மணம் மட்டும், வில்லோவில் இரண்டும் இல்லை. கல்வியும் நற்செயலும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், எதுவுமே இல்லாதவர் என நான்கு வகை மனிதர்கள் இவர்கள், எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டு என்கிறது மித்ராஷ் என்ற பழைய வேத விளக்கம். விருந்துக்கு யாரை அழைப்பது என்று யோசிக்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு வில்லோ இருக்கத்தானே செய்கிறார்.

முதல் இரவு

சூரியன் சாய்வதற்கு முன் மெழுகுவர்த்தி. ஓலைக் கூரைக்குக் கீழே தீ என்பதால் கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள், காற்று பலமென்றால் வீட்டுக்குள்ளேயே ஏற்றலாம்.

பிறகு உஷ்பிஸின், அதாவது கண்ணுக்குத் தெரியாத விருந்தினர்களை அழைப்பது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது, நாளுக்கு ஒருவர் முதன்மை. சாராள், ரெபெக்காள், மிரியாம், தெபோராள் போன்ற பெண்களையும் சேர்த்து அழைக்கும் வழக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. சோஹார் என்ற மறைஞான நூல், இந்த விருந்தினருக்கு எடுத்து வைக்கும் பங்கு ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. அதனால் அன்றைக்கு முன்பே ஒரு தொகையைத் தர்மத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஒயின் கோப்பையைத் தூக்கிக் கித்துஷ் என்ற திருநாள் ஆசியைச் சொன்ன பிறகு சுக்காவுக்கென்று உள்ள ஆசி:

பாருக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம், அஷெர் கிதெஷானு பெமிட்ஸ்வோதாவ் வெட்ஸிவானு லேஷேவ் பஸுக்கா.

கட்டளைகளால் எங்களைப் புனிதமாக்கி, குடிலில் தங்கும்படி கட்டளையிட்ட இறைவா, போற்றி என்பது பொருள். பிறகு, இந்த நாள் வரை உயிரோடு வைத்ததற்கு நன்றி சொல்லும் ஷெஹெஹெயானு. கை கழுவி, இரண்டு ஹல்லா ரொட்டிக்கு ஆசி. பல வீடுகளில் துண்டைத் தேனில் தொட்டுக் கொடுப்பார்கள்.

மழை வந்தால்? மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது: கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம். அதற்கு ஒரு உவமையும் உண்டு. எஜமானுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க வேலைக்காரன் வந்தானாம், எஜமான் குடுவையை வாங்கி அவன் முகத்திலேயே ஊற்றினானாம். மழையும் அப்படி ஒரு மறுப்புதான். முதல் இரவு மட்டும் பலர் சற்று நேரம் காத்திருந்து, ஓர் ஒலிவக்காய் அளவு ரொட்டியாவது சுக்காவில் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மற்ற நாட்களில் குளிரில் நடுங்கிக்கொண்டு வீரம் காட்ட வேண்டியதில்லை. சங்கடப்படுபவருக்கு விலக்கு உண்டு. வயதானவர்களுக்குக் கம்பளியும் முதுகு சாயும் நாற்காலியும் கொடுங்கள்.

சமையல்

ஒரே பாத்திரத்தில் தூக்கிவரக்கூடிய, மூடி போட்ட, சூடு தாங்கும் உணவுதான் சுக்காவுக்கு ஏற்றது. அறுவடையின் நிறைவைக் காட்டப் பூரணம் அடைத்த பண்டங்கள் செய்வது மரபு. கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் ஹோலிஷ்கஸ் என்ற முட்டைக்கோஸ் சுருள் செய்வார்கள். எட்டுப் பேருக்கு:

பெரிய முட்டைக்கோஸ் ஒன்றை முந்தின நாளே ஃபிரீசரில் வைத்து, பிறகு வெளியே எடுத்து இளக விடுங்கள். இலைகள் வேகவைத்தது போலத் துவண்டு தனித்தனியாகக் கழன்று வரும், கொதிநீரில் கை சுடத் தேவையில்லை. முக்கால் கிலோ கொத்திய மாட்டிறைச்சி, அரை கப் அரிசி, துருவிய வெங்காயம், ஒரு முட்டை, உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து, இலைக்கு இரண்டு மூன்று கரண்டி வைத்துச் சுருட்டுங்கள். தக்காளிச் சாறு ஒரு லிட்டர், நாட்டுச் சர்க்கரை நான்கு கரண்டி, ஓர் எலுமிச்சைச் சாறு, ஒரு கைப்பிடி உலர்திராட்சை சேர்த்துக் கொதிக்கவிட்டு, சுருள்களை அடுக்கி, மூடி, சிறு தீயில் இரண்டு மணி நேரம். மறுநாள் இன்னும் ருசி. சைவர்களுக்கு இறைச்சிக்குப் பதில் காளானும் பயறும்.

கோஷர் என்ற யூத உணவு விதிப்படி நடக்கும் வீட்டில் இறைச்சி உள்ள பந்தியில் பால், வெண்ணெய், தயிர் எதுவும் வராது. விருந்துக்குப் போகிறவர்கள் வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகாதீர்கள். முழுப் பழமோ, பூவோ, கோஷர் முத்திரை உள்ள ஒயினோ போதும். பூவையும் திருநாள் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டால் அவர்களே ஜாடியில் வைத்துக்கொள்வார்கள்.

கடைசி நாட்கள்

இடைநாட்களில் ஒரு மாலை பாட்டுக் கச்சேரிக்கு வையுங்கள். ஜெருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் சீலோவாம் குளத்து நீரை எடுத்துவந்து ஊற்றிய கொண்டாட்டத்தின் நினைவு அது. அந்த மகிழ்ச்சியைப் பார்க்காதவன் வாழ்க்கையில் மகிழ்ச்சியையே பார்த்ததில்லை என்கிறது மிஷ்னா. ஹோஷானா ராபா காலையில் ஐந்து வில்லோ கிளைகளைக் கட்டித் தரையில் அடிப்பார்கள். ஷெமினி அட்ஸெரெத்தில் மழைக்கான வேண்டுதல். ஏழு நாளும் குடிலில் நனையாமல் இருந்துவிட்டு, முடியும்போதுதான் மழையைக் கேட்கிறார்கள்!

சிம்ஹாத் தோரா முடிந்ததும் பிரிக்கலாம். மூங்கிலை நன்றாகக் காயவைத்து, கட்டி, தரையில் படாமல் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூசணம் பிடிக்கும். லுலாவைப் பலர் எறிவதில்லை, பஸ்காவுக்கு முன் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும்போது அதையும் தீயில் சேர்ப்பார்கள். எத்ரோக்கில் கிராம்பைக் குத்தி வைத்தால் ஷபாத் முடியும் ஹவ்தாலா சடங்குக்கு வாசனைப் பொருள் ஆகும். ஜாம் செய்பவர்களும் உண்டு: மெலிதாக நறுக்கி, கசப்பு போகும்வரை சில நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, சர்க்கரையில் காய்ச்ச வேண்டும். ஆனால் மாசில்லாத தோலுக்காக இந்தப் பழத்துக்குப் பூச்சிமருந்து நிறைய அடிப்பார்கள், ஆகவே மருந்தடிக்காத தோட்டத்துப் பழம்தானா என்று விற்றவரிடம் கேட்டுக்கொண்டு அடுப்பில் ஏற்றுங்கள்.